விரால் ஓடைக்குப் போகும் வழி

பிலிமத்தலாவையில் கொழும்பு வீதியை விட்டு ஓட்டோ இடப்பக்கம் திரும்பியதுமே பித்தளை தட்டும் சத்தம் தொடங்கிவிட்டது. வீதியோரம் சின்னச் சின்னப் பட்டறைகள். வாசலில் உச்சியில் சேவல் நிற்கும் சிங்கள விளக்கும், மயில் நிற்கும் நம் குத்துவிளக்கும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டையும் வார்ப்பது ஒரே கைதான். கேட்கிற ஆளுக்கேற்ப உச்சியில் பறவையை மாற்றிவிடுகிறார்கள் போலும்.

"இது ஆசாரிமாரு ஊருண்ணே" என்றார் ஓட்டோ ஓட்டி வந்த தம்பி. கலஹாப் பக்கத் தோட்டத்தில் பிறந்து, கண்டி டவுனில் ஓட்டோ வாங்கி ஓட்டுகிறவர். மூன்று நாளைக்கு அவரைப் பேசி வைத்திருந்தேன். முதல் நாள் கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்கே என்ற மூன்று கோயில்களையும் நடந்தே பார்க்கப்போகிறேன் என்றபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். "ஓட்டோவுக்கும் காசு குடுத்துட்டு நடந்தும் போற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்." சொல்லிவிட்டு அவரும் வண்டியைப் பூட்டிக்கொண்டு கூடவே வந்தார். தனியாக உட்கார்ந்திருக்க அலுப்பு.

கண்டிக்கு வருகிறவர்கள் வாவியைச் சுற்றி, தலதா மாளிகையில் பூ வைத்து, பேராதனைப் பூங்காவில் படம் எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் இந்த மலைநாட்டின் பழைய கதை நகரத்துக்கு வெளியே, உடுநுவரப் பகுதியின் வயல் வரம்புகளில்தான் கிடக்கிறது. கண்டி தலைநகராவதற்கு முன்னால் கம்பளை தலைநகர். 14ஆம் நூற்றாண்டில் நாலாம் புவனேகபாகு அங்கே ஆண்டபோது இந்தக் கிராமங்கள் அரசனின் வாசல் மாதிரி.

கடலாதெனிய ஒரு பெரிய பாறையின் முதுகில் இருக்கிறது. இரவு பெய்த மழை பாறைக் குழிகளில் தேங்கி, குழிக்கொரு துண்டு வானம் தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தால் பாதத்தில் சில்லென்று ஏறும். எதிரே கோயிலைப் பார்த்ததும் தம்பி நின்றுவிட்டார்.

"அண்ணே, இது நம்ம கோயில் மாதிரியில்ல இருக்கு?"

அப்படித்தான் இருந்தது. கருங்கல் அடித்தளம், தூண் வைத்த முன்மண்டபம், மேலே திராவிடச் சிகரம். அடித்தள வரிசையில் ஆடுகிறவர்களும் முழவு அடிக்கிறவர்களும். தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஆள் நடமாட்டம் குறைந்த ஏதோ ஒரு ஊரின் சிவன் கோயிலுக்குள் நுழைவது போலவே நுழைந்தால், கருவறையில் மகரதோரணத்தின் கீழ் புத்தர் அமர்ந்திருக்கிறார். கண் ஒரு கணம் தடுமாறும். பக்கத்தில் விஷ்ணுவுக்கும் ஒரு சன்னதி உண்டு.

இதைக் கட்டுவித்தவர் தர்மகீர்த்தி என்ற தேரர். ஆண்டு 1344. கட்டிய சிற்பியின் பெயரும் நமக்குத் தெரியும்: கணேஸ்வராச்சாரி. தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். பெரிய பெரிய கோயில்களைக் கட்டிய கைகளின் பெயர் பெரும்பாலும் நமக்குக் கிடைப்பதில்லை. கிடைக்கும் சில இடங்களில் இது ஒன்று.

தமிழ்நாட்டுக் கைகள் ஏன் இந்த மலைக்கு ஏறி வந்தன? எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. 1311இல் மாலிக் கபூர் மதுரையைச் சூறையாடிய பிறகு பாண்டியர் வலு ஒடுங்கியது. 1335 அளவில் மதுரையில் சுல்தானகம் அமைந்தது. கோயில் கட்டுவிக்கும் அரசரும் வணிகரும் இல்லாத ஊரில் ஸ்தபதிக்கு என்ன வேலை? உளியைத் தூக்கிக்கொண்டு வேலை இருக்கிற இடத்துக்குப் போயிருப்பார்கள். வேலை தேடி இந்த மலைக்குத் தமிழர் ஏறி வந்தது 19ஆம் நூற்றாண்டில்தான் தொடங்கியது என்று நாம் நினைக்கிறோம். அதற்கும் ஐந்நூறு வருடம் முந்திய கூட்டம் இது. அப்போது வந்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது வித்தியாசம்.

அதே 1344இல்தான் மொரோக்கோவின் பயணி இப்னு பதூதாவும் இலங்கையில் இறங்கினார். புத்தளத்தில் அவரை வரவேற்றவர் யாழ்ப்பாண அரசர் ஆரியச்சக்கரவர்த்தி. அரசருக்குப் பாரசீகம் விளங்கியது என்று எழுதிவைத்திருக்கிறார் மனிதர். அங்கிருந்து அவர் சிவனொளிபாதமலைக்கு ஏறிப்போனார். ஆரியச்சக்கரவர்த்திகளின் கை அக்காலத்தில் நீளமாக இருந்தது. கண்டிக்கு அருகில் மெதவல என்ற இடத்தில் 1359ஆம் ஆண்டுப் பாறைச் சாசனம் ஒன்று உண்டு. தும்பறை, மாத்தளைப் பகுதிகளில் வரி வசூலிக்க யாழ்ப்பாண அரசர் மார்த்தாண்டப் பெருமாள் ஆட்களை நியமித்த செய்தி அதில் வருகிறது. இன்றைய அரசியல்வாதிகள் வரையும் கோடுகளை இந்தக் கற்கள் மதிப்பதில்லை.

கடலாதெனியவிலிருந்து எம்பெக்கே வரை நடந்தால் ஏழெட்டுக் கிலோமீற்றருக்குள் முடிந்துவிடும். ஆனால் அவசரப்பட முடியாத வழி. ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் கண்டியருக்கே உரிய அந்த வீட்டுத்தோட்டம். பலா மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறும் மிளகுக் கொடி, கராம்பு, சாதிக்காய், கமுகு, ஈரப்பலா, நிழலில் நாலைந்து கோப்பி மரம். வெளியூர்க்காரனுக்குக் காடு என்று தோன்றும். வீட்டு ஆச்சியைக் கேட்டால் ஒவ்வொரு மரத்துக்கும் வயது சொல்வார். ஒரு திண்ணையில் கித்துள் பாணி போத்தலில் அடைத்து விற்றுக்கொண்டிருந்தார் ஒரு ஆச்சி. சிங்களத்தில் விலை கேட்டேன். என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தவர், "புத்தா, தமிழ்தானே?" என்று தமிழிலேயே திருப்பினார். கம்பளைச் சந்தையில் இருபது வருடம் வெற்றிலை விற்றவராம்.

இந்த வட்டாரத்தில் எலதெத்த என்று ஒரு கிராமம். பெயர்ப்பலகையைப் பார்த்ததும் நான் நின்றேன். தம்பிக்குக் காரணம் புரியவில்லை. இங்கேதான் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் வீடு கட்டி இருந்தார். 1660இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரத்தில் கப்பல் பழுது பார்க்க இறங்கியபோது இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் அவரையும் கப்பல் தலைவரான தந்தையையும் பிடித்தார்கள். அப்போது நொக்ஸுக்கு வயது 19. அடுத்த ஆண்டே தந்தை காய்ச்சலில் இறந்தார். மகன் பத்தொன்பது வருடத்துக்கும் மேல் இந்த மலைகளில் கைதி. கைதி என்றால் விலங்கு இல்லை. கிராமத்தில் விட்டுவிட்டார்கள். அவர் தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், பொதி சுமந்து ஊர் ஊராக வியாபாரம் செய்தார். 1679இல் அந்த வியாபாரத்தையே சாக்காக வைத்து வடக்கே போய், ஒரு தோழனோடு காட்டுக்குள் புகுந்து, அநுராதபுரம் வழியாக ஆற்றோரமே நடந்து மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தார். 1681இல் லண்டனில் அவர் புத்தகம் வெளிவந்தது. தலைக்கு மேலே தாளிப்பனை ஓலையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் மனிதனின் படம் அதில் இருக்கிறது. இன்றும் இலங்கை வரலாறு எழுதுகிறவர்கள் அதைப் புரட்டாமல் எழுதுவதில்லை.

அரிப்பு. அந்தப் பெயரை மனதில் முடிந்து வைத்தேன். மூன்றாம் நாள் தேவைப்பட்டது.

லங்காதிலக தூரத்திலிருந்தே தெரியும். பன்ஹல்கல பாறையின் உச்சியில் வெள்ளையாக, கப்பல் ஒன்று தரைதட்டி நிற்பது போல. இதுவும் 1344தான். கட்டுவித்தவர் சேனாலங்காதிகார என்ற அமைச்சர். வடிவமைத்தவர் ஸ்தபதி ராயர். அவரும் தென்னாட்டவரே. கடலாதெனிய கருங்கல், இது செங்கல். முதலில் நான்கு மாடியாய் 80 அடி உயரம் நின்றதாம். இன்று அவ்வளவு இல்லை. பாறையில் வெட்டிய படிகளில் ஏறும்போது கீழே பார்க்காமல் இருப்பது நல்லது.

கிழக்கு வாசலில் புத்தர். அவரை வணங்கிவிட்டு வெளியே வந்து சுவரைச் சுற்றிப் பின்பக்கம் போனால் மேற்கு வாசலில் தேவாலயம். அங்கே கணபதி, கந்தன், விஷ்ணு, சமன், விபீஷணன். ஒரே கட்டடம், முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு கோயில். விபீஷணனைத் தெய்வமாகக் கும்பிடுவது தமிழ்நாட்டு நண்பர்களுக்கு வியப்பாக இருக்கும். தமிழில் வீட்டுக் குற்றத்தை வெளியே சொல்கிறவனுக்குப் பட்டப்பெயர் அது. இங்கே அவர் நாட்டின் காவல் தெய்வங்களில் ஒருவர்.

ஆனால் நான் வந்தது பாறைக்காக. கோயிலுக்குப் பக்கத்துப் பாறையில் சாசனம் வெட்டியிருக்கிறார்கள், சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. கோயிலுக்கு விட்ட நிலங்களும் கொடைகளும் அவற்றில் பதிவாகியுள்ளன. பேராசிரியர் பரணவிதான இரண்டையும் ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார். மழையும் வெயிலும் தின்ற எழுத்து. குந்தி உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தும் எனக்கு ஒரு மகரமும் இரண்டு ககரமும்தான் பிடிபட்டன. தம்பிக்கு அதுகூடப் பிடிபடவில்லை. "இது தமிழுன்னு நீங்க சொல்றதால நம்புறேன்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பவே ரெண்டு பாஷையிலயும் எழுதிருக்கானுகளே" என்றார். கண்டிக் கச்சேரியில் தமிழில் ஒரு படிவம் வாங்க எத்தனை முறை அலைந்தார் என்ற கதையை அதன் பிறகு எம்பெக்கே வரை கேட்டுக்கொண்டே போனேன்.

எம்பெக்கேயில் கல் இல்லை, மரம். கம்பளையில் பின்னர் ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகு கதிர்காமக் கந்தனுக்கு எழுப்பிய தேவாலயம். முன்னால் மேளம் அடிக்கும் மண்டபம், 'திக்கே' என்பார்கள். அந்த மண்டபத்துத் தூண்களைப் பார்க்கத்தான் உலகமே வருகிறது. தூணின் நாலு முகத்திலும் சதுரச் சதுரமாகச் செதுக்கல். மல்லர்கள், குதிரை வீரன், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய், கழுத்தோடு கழுத்துப் பின்னிய அன்னங்கள், இருதலைப் புள், ஆடும் பெண். மண்டபம் முழுக்க 514 செதுக்கல் என்று கணக்குச் சொல்கிறார்கள். நான் எண்ணத் தொடங்கி நாற்பதில் விட்டுவிட்டேன். மல்லர்கள் இருவரும் ஒருவரையொருவர் பிடித்திருக்கும் பிடியில் யாருடைய கால் யாருடையது என்று தெரியவில்லை. அதிலேயே கால் மணி நேரம் போனது.

கூரையை அண்ணாந்து பார்க்கச் சொன்னார் அங்கிருந்த காவலர். ஒரு முனையில் 26 கைமரங்கள் விசிறிபோல் வந்து சேருகின்றன. அத்தனையையும் ஒரே ஒரு மர ஆப்பு பிடித்து நிற்கிறது. 'மடோல் குருபாவ' என்று அதற்குப் பெயர். இரும்பு ஆணி இல்லை. என்னோடு வந்தவர் தோட்டத்தில் தச்சு வேலை செய்த தகப்பனாரின் மகன். வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே நின்றார். "எங்கப்பா இதப் பாத்திருந்தா வீட்டுக்கு வந்து உளிய எடுத்துத் தூரப் போட்டிருப்பாரு."

இந்த வேலையின் தலைவர் பெயர் தெல்மட மூலாச்சாரி. நானூறு வருடம் கழித்துக் கண்டி மாளிகையின் எண்கோண மண்டபத்தையும் வாவியின் முகில்மதிலையும் வடிவமைத்தவர் தேவேந்திர மூலாச்சாரி. கணேஸ்வராச்சாரி, மூலாச்சாரி, மறுபடி மூலாச்சாரி. காலையில் பித்தளைப் பட்டறை வாசலில் தம்பி சொன்ன "ஆசாரிமாரு ஊரு" சும்மா வாய்க்கு வந்த வார்த்தை இல்லை.

எம்பெக்கேக்குச் சற்றுத் தள்ளி வயலோரம் ஒரு பழைய அம்பலத்தின் கல்தூண்கள் மட்டும் நிற்கின்றன. வழிப்போக்கர் தங்கிய மடம். கூரை போய்விட்டது. ஒரு மாடு அங்கே படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. நாங்களும் உட்கார்ந்து ஆச்சி கொடுத்த பாணியை விரலால் நக்கினோம். ரொட்டி கொண்டுவர மறந்துவிட்டேன்.

இரண்டாம் நாளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மழை விடவேயில்லை. மகியங்கனை வீதியில் தெல்தெனியைத் தாண்டி மெதமகாநுவரவுக்குப் போனோம். வழியில் விக்டோரியா நீர்த்தேக்கம். 1985இல் முடிந்த 122 மீற்றர் உயர அணைக்கட்டு மாவலியை மறித்ததும் பழைய தெல்தெனிய நகரம் தண்ணீருக்குள் போனது. நாங்கள் போனபோது தண்ணீர் நிறைந்து சாம்பல் நிறமாய்க் கிடந்தது. மேலே நக்கிள்ஸ் மலைகள் மேகத்துக்குள். மடக்கிய கையின் விரல்மொளி போலத் தெரிகிறது என்று வெள்ளைக்காரன் வைத்த பெயர் நக்கிள்ஸ். சிங்களத்தில் தும்பறை. மூட்டம் கனத்த மலை என்று பொருள் சொல்வார்கள். அன்றைக்குத் தும்பறைதான் பொருத்தம். விரலும் தெரியவில்லை, மொளியும் தெரியவில்லை.

கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரி 18 அன்று இந்த மலைச்சரிவில்தான் அகப்பட்டான். கூட அவனது அரசியர். பிறந்தபோது வைத்த பெயர் கண்ணுசாமி. 1739இலிருந்து கண்டிச் சிம்மாசனத்தில் இருந்த மதுரை நாயக்கர் வழியில் நாலாவது ஆள். பிடித்துக் கொடுத்தவர்கள் அவனுடைய சொந்தப் பிரதானிகளின் ஆட்கள். பன்னிரண்டு நாள் கழித்து, மார்ச் 2ஆம் திகதி, கண்டி அரண்மனையின் மரத்தூண் மண்டபத்தில் ஆங்கிலேயரோடு ஒப்பந்தம். அதில் ஒப்பமிட்ட பிரதானிகள் சிலரின் கையெழுத்தில் தமிழ் எழுத்து உண்டு. அரசனை வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள். 1832 ஜனவரி 30இல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் முத்துமண்டபம் என்று இன்று நினைவிடம் இருக்கிறது. இங்கே மெதமகாநுவரவில் ஒரு நினைவுக்கல். மழையில் இறங்கிப் படித்துவிட்டு ஓடி வந்து ஓட்டோவில் ஏறினோம். அவனை நான் தியாகி என்று சொல்லமாட்டேன். 1807இல் வயலைத் தோண்டி வாவி வெட்டியபோது சனங்களைப் பிழிந்து வேலை வாங்கியதையும், அமைச்சர் எஹெலப்பொலவின் குடும்பத்தைக் கொல்வித்ததையும் கண்டி மறக்கவில்லை. ஆனால் 'வடுகன்' என்று சொல்லி அவனை இறக்கிய பிறகு ஏற்றிவைத்தது யாரை என்பதையும் பார்க்க வேண்டும்.

திரும்பும்போது நகரத்தில் மலபார் வீதியில் ஒரு தேநீர்க்கடையில் ஒதுங்கினோம். நாயக்கர் உறவினர் குடியிருந்த வீதி. இன்று பயணிகள் விடுதிகளும் பல் வைத்தியரும்.

மூன்றாம் நாள் வெயில் வந்தது. கலஹா வழியாகத் தெல்தோட்டைக்கு ஏறினோம். தம்பி சொந்த மண்ணுக்கு வந்த உற்சாகத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கதை வைத்திருந்தார். இந்தத் தோட்டங்களுக்கு இரண்டு பெயர். பெயர்ப்பலகையில் துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர் அல்லது சிங்கள ஊர்ப்பெயர். லயத்து வாய்களில் வேறொரு தமிழ்ப் பெயர். ஓட்டோக்காரர் பாதி நேரம் எந்தப் பெயரைச் சொல்கிறார் என்று பிடிபடாது.

நாங்கள் தேடிப் போன இடம் லூல்கந்துர. ஆங்கில நூல்களில் லூல்கொண்டரா என்று திரித்து எழுதியிருப்பார்கள். சிங்களத்தில் லூலா என்றால் விரால் மீன். கந்துர என்றால் ஓடை. விரால் ஓடை. இலங்கைத் தேயிலையின் பிறப்பிடம் இந்த ஓடைக்கரைதான். ஸ்கொட்லாந்திலிருந்து 1852இல் பதினேழு வயது நிரம்புமுன் வந்த ஜேம்ஸ் டெய்லர், 1867இல் இங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அது கோப்பிக்காலம். மலைநாடு முழுக்கக் கோப்பி. 1869இல் இலைத்துரு நோய் தலைகாட்டியது. அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் கோப்பி முதலாளிகள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். டெய்லர் தன் பங்களா விறாந்தையிலேயே மேசைமேல் கொழுந்தைக் கையால் உருட்டி, மண் அடுப்பில் கரி நெருப்பில் வாட்டிப் பழகியிருந்தார். 1873இல் லண்டனுக்குப் போன அவருடைய முதல் பொதி 23 இறாத்தல். இன்று ஒரு தொழிலாளி ஒரு நாளில் பறிக்கும் பச்சைக் கொழுந்தின் நிறைகூட இல்லை.

அந்த 19 ஏக்கர் இன்றும் '7ஆம் நம்பர் மலை'தான். தோட்டத்துத் தமிழில் மலை என்றால் தேயிலைப் பாத்தித் தொகுதி, "இன்னிக்கு எந்த மலையில கொழுந்து?" என்று கேட்பார்கள். போகும் வழியில் கொழுந்து மடுவத்தில் பெண்கள் நிறுவைக்கு நின்றார்கள். தம்பியைப் பார்த்ததும் ஒருவர், "என்ன மாமா மகனே, டவுனுக்குப் போய் வெளுத்துட்டே?" என்று ஆரம்பித்துவிட்டார். நான் யார், எந்தத் தோட்டம், அப்பா பேர் என்ன என்று விசாரணை நடந்து முடியும்வரை நாங்கள் நகர முடியவில்லை. பாட்டனாரின் அப்பா எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஒரே பதில் உண்டு: "திருச்சிப் பக்கம்." அவர்களும் தலையாட்டினார்கள். அவர்களில் பாதிப்பேருக்கும் அதே பதில்தான். பக்கம் மட்டும் மாறும். புதுக்கோட்டைப் பக்கம், சேலத்துப் பக்கம், ராமநாதபுரத்துப் பக்கம்.

டெய்லரின் முதல் குடிசையில் மிஞ்சியது அடுப்புப் புகைபோக்கியும் ஒரு கிணறும். இன்னும் மேலே ஏறினால் ஒரு கல் இருக்கை. டெய்லர் அங்கே உட்கார்ந்து தோட்டத்தைப் பார்ப்பாராம். நானும் உட்கார்ந்தேன். காலுக்குக் கீழே மலை மலையாகப் பச்சை, நடுவில் வெள்ளிக்கம்பியாய் ஓடை, லயக் கூரைகளின் தகரம் வெயிலில் மின்னியது. உட்கார்ந்து பார்க்க நல்ல இடம்தான்.

இங்கேதான் அரிப்பு திரும்ப வந்தது. நொக்ஸ் மலையிலிருந்து இறங்கி ஓடிய அதே மன்னார்க் கரையில், நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகு தோணியிலிருந்து இறங்கியவர்கள் எங்கள் ஆட்கள். அவர் இறங்கிய காட்டுக்குள் இவர்கள் ஏறினார்கள். மாத்தளை வரை நூறு மைலுக்கும் மேல், கங்காணிக்குப் பின்னால், அரிசி மூட்டையும் பிள்ளையும் சுமந்து. காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்களை வழியில் விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். நொக்ஸ் தன் பாதையில் எங்கே படுத்தார், எங்கே யானைக்குப் பயந்தார் என்று எல்லாம் எழுதிவைத்தார். எங்கள் ஆட்களிடம் காகிதம் இல்லை. நடந்து வந்து சேர்ந்தவர்கள் மாத்தளையில் முத்துமாரியம்மனுக்கு விழுந்து கும்பிட்டார்கள் என்பார்கள். நாட்டார் பாடல்கள் கொஞ்சம் எஞ்சின. பெயர்கள் எஞ்சவில்லை. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வெட்டிய மலைகள் நாட்டுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது.

"சாமி துரைன்னு சொல்லுவாங்களாம்" என்றார் தம்பி. டெய்லரைத் தொழிலாளர்கள் அப்படி அழைத்தது பதிவில் இருக்கிறது. நல்ல மனிதர்தான் போலும். விடுமுறை எடுத்ததே மிகக் குறைவு, ஊருக்குப் போய்க் குடியேறவில்லை. 1892இல் கம்பனி அவரை வேலையை விட்டு நிறுத்தியது. அதே ஆண்டு மே 2ஆம் திகதி, 57 வயதில், இந்தத் தோட்டத்திலேயே செத்தார்.

ஓடைக்கு இறங்கினோம். தம்பி கரைக்கரையாக நடந்து கல்லைப் புரட்டிப் பார்த்தார். விரால் இல்லை. குழந்தை விரல் நீளத்துக்கு ஏதோ மீன்குஞ்சு மட்டும் நிழலுக்குள் ஒதுங்கியது.

பொழுது சாயும்முன் கண்டிக்கு இறங்கி, மகியாவைக்கு விடச் சொன்னேன். நகரத்தைத் துப்புரவு செய்ய வெள்ளைக்காரன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் நெருக்கியடித்து வாழும் பகுதி அது. அங்கேயே நகரத்தின் மயானம். டெய்லர் கிடப்பது அந்த மயானத்தில்.

செத்த அன்று அவர் எடை 246 இறாத்தல். லூல்கந்துரவிலிருந்து இங்கே வரை சவப்பெட்டியைத் தோளில் சுமந்து வந்தார்கள். 24 பேர், பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு கூட்டம், நாலு மைலுக்கு ஒருமுறை தோள் மாற்றி. பின்னால் கங்காணிமாரும் தொழிலாளரும். விடியக் கிளம்பி மாலையில் வந்து சேர்ந்தார்கள். நாங்கள் அன்று இறங்கி வந்த வளைவுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஓட்டோவிலேயே இடுப்பு விட்டுப்போயிருந்தது.

கல்லறை வேலியோடு, தேடவேண்டிய அவசியமில்லாமல் இருந்தது. ஆங்கில எழுத்துக்களில் பாசி. தம்பி சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு குந்தி, பெருவிரலால் பாசியைச் சுரண்டி ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். ஜேம்ஸ் வந்தது. டெய்லர் வந்தது. தோட்டத்தின் பெயரில் கொஞ்சம் திக்கினார்.

"அண்ணே, இது நம்ம விரால் ஓடையா? என்னண்ணே, இப்பிடிக் கொன்னு எழுதியிருக்கானுக!"

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். தம்பி கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு எழுந்து, மழை வரும்போலிருக்கிறது, போவோம் என்றார்.